ரொட்டிக்கடை வண்டி ஹாட் ராட் ஆன கதை

அமெரிக்காவில் பழைய கார்களைத் தேடிப் பிடித்துச் சரிசெய்பவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகத் தெரியும். பல வருடங்களாக ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழிகளுக்கு வீடாக இருந்த வண்டியை வெளியே இழுத்துப் போடுவார்கள். அதன் பக்கவாட்டுத் தகட்டை நனைத்து, வாட்டர் பேப்பரால் மெதுவாகத் தேய்ப்பார்கள். மேலே இருக்கும் கறுப்புப் பெயிண்ட் கரையும். அடியில் பச்சை தெரியும். இன்னும் கொஞ்சம் தேய்த்தால் பச்சையின் மேல் கையால் எழுதிய எழுத்துகள் மங்கலாக எழுந்து வரும். ஒரு பேக்கரியின் பெயர், ஊர்ப் பெயர், கீழே மூன்று நான்கு இலக்கத்தில் ஒரு தொலைபேசி எண்...

தேய்த்துக் கொண்டிருந்த கை அங்கே நின்றுவிடும்.

வண்டியை வாங்கியவர் ஹாட் ராட் செய்யத்தான் வாங்கினார். அதாவது பழைய பாடிக்குள் பெரிய என்ஜினை வைத்து, வண்டியைத் தாழ்த்தி, பளபளவென்று பெயிண்ட் அடித்து, சாலையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓட்டுவதற்காக. அதற்கு இந்தத் தகடு சுத்தமாக வேண்டும். எழுத்து போக வேண்டும். ஆனால் அந்த எழுத்து போய்விட்டால், இந்த வண்டி எங்கே உழைத்தது, யாருக்காக உழைத்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

"செடான் டெலிவரி" என்ற வண்டியின் முழு வரலாறும் இந்த ஒரு தகட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

செடான் டெலிவரி என்றால் என்ன?

பெயரே கொஞ்சம் குழப்பம்தான். செடான் என்றால் குடும்பத்தோடு போகிற மூடிய கார். டெலிவரி என்றால் சரக்கு கொண்டு போவது. இரண்டும் எப்படிச் சேரும்?

ஒரு இரண்டு கதவு காரை மனதில் நிறுத்திக் கொள்ளுங்கள். அதன் முன்பாதியை அப்படியே விட்டுவிடுங்கள். அதே பானெட், அதே மட்கார்டு, அதே கதவு, அதே என்ஜின், அதே சேசிஸ். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மட்டும் ஜன்னல்களை எடுத்துவிட்டு, நீளமாக ஒரே இரும்புத் தகட்டால் மூடிவிடுங்கள். பின்சீட்டுக்குப் பதில் மரப்பலகைத் தரை. பின்பக்கம் ஒரே கதவு, பல வண்டிகளில் பீரோ கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும். பல வண்டிகளில் ஓட்டுநருக்கு மட்டும்தான் சீட். பக்கத்துச் சீட் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இதுதான் செடான் டெலிவரி.

இதைப் பேனல் டிரக்கோடு குழப்பிக் கொள்ளக்கூடாது. பேனல் டிரக் லாரி சேசிஸின் மேல் கட்டியது, உயரமானது, முரட்டுத்தனமானது. செடான் டெலிவரி கார் சேசிஸின் மேல் கட்டியது. தாழ்வானது, ஓட்ட மென்மையானது. பார்ப்பதற்கும் லட்சணமாக இருக்கும். வியாபாரிகளுக்கு இந்த லட்சணம் தேவைப்பட்டது. பணக்காரர் வீட்டு வாசலில் கேக் கொண்டுபோய் இறக்கும் வண்டி நிலக்கரி லாரி மாதிரி இருந்தால் நன்றாகவா இருக்கும்? பேக்கரி, பூக்கடை, மருந்துக்கடை, சலவைக்கடை, துணிக்கடை, இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனங்கள் என்று எல்லோரும் இதை வாங்கினார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. ஜன்னல் இல்லாத அந்தத் தகடு ஒரு இலவச விளம்பரப் பலகை. ஊரில் இருக்கும் பெயர்ப்பலகை ஓவியரைக் கூப்பிட்டு, கடையின் பெயரைத் தூரிகையால் எழுதச் சொல்வார்கள். வசதியுள்ளவர்கள் தங்க ரேக்கில் எழுதுவார்கள். வண்டி தெருத்தெருவாகப் போகப் போகக் கடையின் பெயரும் தெருத்தெருவாகப் போகும்.

எந்த வண்டி, எந்த வருடம்?

ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908 முதல் 1927 வரை ஓடி, ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்றது. அந்த மாடல் டி சேசிஸின் மேல் பலர் பலவிதமான சரக்குப் பெட்டிகளைக் கட்டிப் பார்த்துவிட்டார்கள். ஆனால் கம்பெனியே காரின் அழகோடு சேர்த்து ஒரு டெலிவரி வண்டியை விற்பது என்பது 1920களின் இறுதியில்தான் சூடு பிடித்தது. 1927 டிசம்பரில் மாடல் ஏ வந்தது. அதில் "டீலக்ஸ் டெலிவரி" என்ற வகையை ஃபோர்டு விற்றது. போட்டிக் கம்பெனியான செவர்லேயும் அதே காலத்தில் இதே மாதிரி வண்டியை இறக்கியது.

1932 ஒரு திருப்புமுனை. அந்த வருடம் ஃபோர்டு வி-8 என்ஜினைக் கொண்டு வந்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். இன்றைக்கு இது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் அதுவரை எட்டு சிலிண்டர் என்பது பெரும்பாலும் பணக்காரர்களின் காருக்கு உரியது. ஃபோர்டின் வி-8 ரோட்ஸ்டர் 460 டாலருக்குக் கிடைத்தது. 1932 ஃபோர்டு செடான் டெலிவரியும் வந்தது. ஆனால் அது பொருளாதாரப் பெருமந்தத்தின் மிக மோசமான காலம். கடைக்காரர்களிடம் புது வண்டி வாங்கக் காசு எங்கே இருக்கும்? சில நூறு வண்டிகள்தான் செய்யப்பட்டன. அதனால்தான் இன்று ஒரு அசல் 1932 செடான் டெலிவரி கிடைத்தால் அது புதையல்.

1930களில் பிளிமத்தும் இந்த வகையில் வண்டி விற்றது. 1940ஆம் வருட ஃபோர்டு செடான் டெலிவரி அதன் வளைவான முதுகுக்காக இன்றும் ஹாட் ராட் ரசிகர்களின் செல்லப்பிள்ளை. உலகப்போருக்குப் பிறகு பான்டியாக்கும் கொஞ்ச காலம் செய்தது. ஃபோர்டு 1952 முதல் 1960 வரை "கூரியர்" என்ற பெயரில் விற்றது. செவர்லே 1955இல் தன் புகழ்பெற்ற 265 கன அங்குல வி-8 என்ஜினை அறிமுகப்படுத்தியபோது, அந்த என்ஜின் செடான் டெலிவரியிலும் கிடைத்தது. ரொட்டி விற்கிற வண்டியில் 162 குதிரைத்திறன்!

1960ஆம் வருட மாடலோடு செவர்லே நிறுத்திக்கொண்டது. ஃபோர்டு சின்ன ஃபால்கன் காரை வைத்து 1965 வரை ஒப்பேற்றியது. அதற்குப் பிறகு 1970களில் செவர்லே வேகா காரிலும், 2007 முதல் 2011 வரை செவர்லே எச்.எச்.ஆர். காரிலும் ஜன்னல் இல்லாத வகை ஒன்று வந்தது. அவை பழைய நினைவின் எதிரொலிகள் மட்டுமே.

ஏன் இவ்வளவு அரிது?

கூப் காரும் ரோட்ஸ்டரும் பழைய கார் கண்காட்சிகளில் வரிசை வரிசையாக நிற்கின்றன. செடான் டெலிவரி எங்கோ ஒன்றுதான் நிற்கும். செய்ததே குறைவு என்பது ஒரு காரணம். செய்ததையும் யாரும் பாதுகாக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

குடும்பக் காருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு. அதைத் துடைப்பார்கள், கழுவுவார்கள், தாத்தா ஓட்டிய கார் என்று பேரன் வைத்திருப்பான். டெலிவரி வண்டிக்கு அந்தப் பாசம் கிடைக்கவில்லை. விடிகாலையில் கிளம்பி, நூறு இடத்தில் நின்று, நூறு முறை கிளம்ப வேண்டும். பின்கதவு ஒரு நாளைக்கு எத்தனை தடவை அறைந்து சாத்தப்படும் என்பதற்குக் கணக்கே கிடையாது. கதவின் கீல் தொங்கும், தரைப்பலகை உளுக்கும், ஈரச் சலவைத் துணியும் பூக்கூடைத் தண்ணீரும் ஒழுகித் தரையைத் துரு தின்னும். கடைக்காரர் கணக்குப் பார்ப்பார். சரிசெய்கிற செலவு வண்டியின் விலையைத் தாண்டினால் நேராகக் காயலான் கடைதான்.

பிறகு போர் வந்தது. 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன். நாடு முழுவதும் பழைய இரும்பு சேகரிப்பு இயக்கங்கள் நடந்தன. ஓடாமல் நின்ற வண்டிகள் பல உருக்கு உலைக்குப் போயின. ஓடிக்கொண்டிருந்தவையோ புது வண்டி கிடைக்காததால் இன்னும் சில வருடம் கூடுதலாக உழைத்துத் தேய்ந்தன.

போருக்குப் பிறகு வாழ்க்கையே மாறிவிட்டது. 1930இல் நியூயார்க்கில் கிங் கல்லன் கடையோடு தொடங்கிய சூப்பர் மார்க்கெட் வழக்கம் எல்லா ஊருக்கும் பரவியது. வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி வந்தது. வீட்டுக்கு வீடு காரும் வந்தது. மக்களே காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடை வீட்டுக்கு வருவது குறைந்தது. சரக்கு கொண்டு போக வேண்டியவர்களுக்கும் வேறு வண்டி கிடைத்தது. ஜெர்மனியிலிருந்து வோக்ஸ்வேகன் வேன் வந்தது. 1961 மாடலாக ஃபோர்டின் எகானலைன் வேன் வந்தது. பெட்டி மாதிரி இருக்கும், லட்சணம் கிடையாது. ஆனால் உள்ளே இடம் அதிகம். லட்சணத்துக்குக் காசு கொடுக்கும் காலம் முடிந்திருந்தது.

ஹாட் ராட் பையன்கள்

இனிக் கதை தெற்குக் கலிபோர்னியாவுக்குப் போகிறது.

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே பாலைவனத்தில் வறண்ட ஏரிப் படுகைகள் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான, கெட்டியான மண். முரோக், எல் மிராஜ் என்ற படுகைகளில் 1930களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களைக் கொண்டுபோய் யார் வேகம் என்று ஓட்டிப் பார்த்தார்கள். மட்கார்டைக் கழற்றுவார்கள், கண்ணாடியைக் கழற்றுவார்கள், எடையைக் குறைக்க எதையெல்லாம் கழற்ற முடியுமோ அதையெல்லாம் கழற்றுவார்கள். என்ஜினில் கூடுதல் கார்பரேட்டர் பொருத்துவார்கள். 1937இல் இந்தக் குழுக்கள் சேர்ந்து தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கத்தை அமைத்தன.

போரில் பல இளைஞர்கள் விமானத்தையும் டாங்கியையும் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். கையில் தொழில் இருந்தது, கொஞ்சம் காசும் இருந்தது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் "ஹாட் ராட்" பத்திரிகையைத் தொடங்கினார். தெருவில் பந்தயம் விட்டு விபத்துகள் நடந்ததால் செய்தித்தாள்கள் ஹாட் ராட் பையன்களை ரவுடிகள் என்றே எழுதிக்கொண்டிருந்தன. அந்தப் பெயரை மாற்றவும், பந்தயத்தைத் தெருவிலிருந்து தனி ஓடுபாதைக்குக் கொண்டு போகவும் 1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார்.

இந்தப் பையன்களின் முதல் காதல் செடான் டெலிவரி இல்லை. வேகம் வேண்டுமென்றால் எடை குறைய வேண்டும். கூரையே இல்லாத ரோட்ஸ்டர்தான் அவர்களின் கனவு. டெலிவரி வண்டியோ பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அது வேறொரு வழியாகத்தான் அவர்கள் பட்டறைக்குள் நுழைந்தது. பந்தயக் காரை இழுத்துக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டும். என்ஜினையும் டயரையும் கருவிகளையும் போட ஒரு இடம் வேண்டும். இரவில் பாலைவனத்தில் படுக்கவும் இடம் வேண்டும். பழைய டெலிவரி வண்டி மலிவாகக் கிடைத்தது. பேக்கரியின் பெயரை அழித்துவிட்டு அதே இடத்தில் பட்டறையின் பெயரை எழுதினார்கள். அன்று யாரும் அதை வரலாற்றை அழிப்பதாக நினைக்கவில்லை. வண்டி கைமாறியது, பெயர் மாறியது, அவ்வளவுதான்.

1950களின் இறுதியிலும் 1960களிலும் செவர்லே செடான் டெலிவரி சில டிராக் பந்தயப் பிரிவுகளில் தானே களத்தில் இறங்கியது. பின்னால் இருக்கிற எடை பின் சக்கரங்களை அழுத்துவதால் கிளம்பும்போது டயர் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். குறை என்று நினைத்ததே பலமாகிவிட்டது! ஜன்னலில்லாத பெரிய தகடு வேறொரு விதத்திலும் உதவியது. வான் டச் என்ற பெயரில் புகழ்பெற்ற கென்னி ஹோவர்ட் போன்றவர்கள் மெல்லிய கோட்டோவியத்தையும் தீச்சுடர் ஓவியத்தையும் ஹாட் ராட் உலகத்தில் பரப்பிய காலம் அது. ஓவியனுக்கு இதைவிடப் பெரிய திரை எந்தக் காரில் கிடைக்கும்?

1970இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் முதல் தேசிய ஸ்ட்ரீட் ராட் கூட்டம் நடந்தது. பந்தயத்துக்காக இல்லாமல், குடும்பத்தோடு நெடுந்தூரம் ஓட்டிப் போகிற ஹாட் ராட்களின் காலம் அப்போது பிறந்தது. அதற்குச் செடான் டெலிவரி கச்சிதமாகப் பொருந்தியது. சாமான் போட இடம், கால் நீட்ட இடம், பார்க்க அழகு. ரொட்டி வண்டிக்கு ஒரு வழியாக ராஜமரியாதை கிடைத்துவிட்டது.

தேடிப் பிடிப்பது

மலிவாகக் கிடைத்த வண்டிக்கு மவுசு வந்தால் என்ன ஆகும்? போலி வரும். இரண்டு கதவு ஸ்டேஷன் வேகனின் பக்க ஜன்னல்களைத் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடிவிட்டால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் செடான் டெலிவரிதான். அதனால் வாங்குபவர்கள் சில அடையாளங்களைப் பார்ப்பார்கள்.

1955 முதல் 1957 வரையிலான செவர்லேயை எடுத்துக்கொள்ளலாம். வேகனின் பின்கதவு இரண்டு துண்டு. மேல் துண்டு மேலே தூக்கும், கீழ்த் துண்டு கீழே இறங்கும். செடான் டெலிவரியின் பின்கதவு ஒரே துண்டாக மேலே தூக்கும். வண்டியின் வரிசை எண்ணில் "டி" என்ற ஆங்கில எழுத்து இருக்க வேண்டும். அது செடான் டெலிவரிக்கு உரிய எழுத்து. உள்பக்கத் தகட்டில் ஜன்னல் இருந்த இடத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்ப்பவர்களும் உண்டு.

எந்த ஊரில் தேடுவது என்பதும் முக்கியம். பனி பெய்யும் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். அந்த உப்பு காரின் அடிப்பாகத்தை அரித்துவிடும். அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட மாநிலங்களில் பெயிண்ட் வெயிலில் வெளுத்திருக்கும், ஆனால் இரும்பு நன்றாக இருக்கும்.

இரும்பு மட்டுமல்ல, மரமும் பார்க்க வேண்டும். 1930களின் நடுப்பகுதி வரை செவர்லே பாடிக்குள் மரச்சட்டம்தான் எலும்புக்கூடு. அதன் மேல் தகட்டை அறைந்திருப்பார்கள். மரம் மக்கிவிட்டால் கதவு பொருந்தாது, கூரை ஆடும். அதே காலத்து ஃபோர்டில் மரம் குறைவு, இரும்பு அதிகம். ஹாட் ராட் உலகில் பழைய ஃபோர்டு ஏராளமாகவும் பழைய செவர்லே குறைவாகவும் இருப்பதற்கு என்ஜின் மட்டும் காரணமில்லை. கரையானும் ஈரமும்கூடக் காரணம்.

சரிசெய்வது

செடான் டெலிவரியைச் சரிசெய்வதில் டிங்கரிங் வேலைக்காரரைப் பயமுறுத்துவது அதே பெரிய தகடுதான். சாதாரணக் காரில் ஜன்னல்கள் இருப்பதால் தகடு சின்னச் சின்னத் துண்டாக இருக்கும். இங்கே ஒரே பரப்பு. வெல்டிங் சூடு கொஞ்சம் கூடினாலும் தகடு அலை அலையாக நெளிந்துவிடும். அதனால் ஓரிடத்தில் ஒரு பொட்டு வைத்து, ஆறவிட்டு, தள்ளி இன்னொரு பொட்டு வைத்து, பொறுமையாகத்தான் போக வேண்டும். பிறகு பட்டி தடவி, நீளமான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, நாள் கணக்கில் தேய்க்க வேண்டும். கறுப்புப் பெயிண்ட் அடித்தால் சின்னப் பள்ளம்கூடக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி தெரியும்.

ஓட்டும்போது இன்னொரு தொல்லை. காலியான இரும்புப் பெட்டி அல்லவா, மத்தளம் மாதிரி அதிரும். உள்பக்கம் முழுவதும் ஒலியை அடக்கும் விரிப்பு ஒட்டினால்தான் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும்.

பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது. ஃபோர்டு 1938 வரை கம்பியிலும் தண்டிலும் இயங்கும் மெக்கானிக்கல் பிரேக்கையே வைத்திருந்தது. 1939இல்தான் ஹைட்ராலிக்குக்கு மாறியது. அதனால் 1939க்குப் பிந்தைய ஃபோர்டு பிரேக்கை எடுத்து முந்தைய வண்டியில் மாட்டுவது ஹாட் ராட் உலகின் மிகப் பழைய வழக்கங்களில் ஒன்று. 65 குதிரைத்திறனுக்குச் செய்த வண்டியில் 300 குதிரைத்திறனை வைத்துவிட்டு, பழைய பிரேக்கை நம்புவது தற்கொலைக்குச் சமம். பழைய 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றுவதும், முன் ஆக்சிலை எடுத்துவிட்டு 1970களின் மஸ்டாங் 2 பாணி சஸ்பென்ஷனை வைப்பதும் இப்படித்தான் பழக்கமாயின.

என்ஜினில் இரண்டு கட்சி. பழைய ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி-8தான் வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். அதன் சத்தமே சங்கீதம் என்பார்கள். செவர்லே சிறிய வி-8ஐ வைத்துவிட்டு நிம்மதியாக ஓட்டலாம் என்பவர்கள் இன்னொரு பக்கம். உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், விலையும் குறைவு.

யார் செய்வது சரி?

இங்கேதான் பெரிய சண்டை.

அசலாகவே மீட்க வேண்டும் என்பவர்கள் சொல்வது இது: இந்த வண்டிகள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. ஒன்றின் கூரையை வெட்டித் தாழ்த்திவிட்டால், சேசிஸை அறுத்துவிட்டால், திரும்பப் பழையபடி ஆக்க முடியாது. ஒரு தலைமுறையின் ஆசைக்காக இனி வரும் எல்லாத் தலைமுறையும் இழக்க வேண்டுமா?

ஹாட் ராட்காரர்கள் பதில் சொல்வார்கள்: காயலான் கடையில் இது கிடந்தபோது எந்த அருங்காட்சியகம் வந்து கேட்டது? கூப்புக்கும் ரோட்ஸ்டருக்கும் சேகரிப்பாளர்கள் கியூவில் நின்றார்கள். ரொட்டி வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தது பட்டறைப் பையன்கள்தான். வெட்டினோம் என்பது உண்மை. ஆனால் வெட்டியதால்தான் அது இன்று உயிரோடு இருக்கிறது.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியும் கவனிக்காத ஒன்று உண்டு.

அசலாக மீட்பவர் என்ன செய்கிறார்? தகட்டை இரும்பு தெரியும் வரை சுரண்டி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்றைய நிறத்தை அடிக்கிறார். பிறகு வெறுமையாக இருக்கிறதே என்று தன் சொந்தக் கம்பெனியின் பெயரையோ, கற்பனையான ஒரு கடையின் பெயரையோ பழைய பாணியில் எழுத வைக்கிறார். ஹாட் ராட் செய்பவரும் அதே தகட்டைச் சுரண்டித் தீச்சுடர் வரைகிறார். பேக்கரிக்காரரின் பெயரைப் பொறுத்தவரை இரண்டு பேருமே ஒன்றுதான். இருவர் கையிலும் அதே உப்புத்தாள்!

ஒரு வண்டிக்கு எது அசல்? தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அந்த ஒரு நாளா? அதற்குப் பிறகு இருபது வருடம் தெருத்தெருவாக ரொட்டி கொண்டுபோன வாழ்க்கையா? தொழிற்சாலை நாளுக்குக் கம்பெனி ஆவணங்கள் சாட்சி. படங்கள் உண்டு, நிறப் பட்டியல் உண்டு, பாக எண்கள்கூட உண்டு. அந்த இருபது வருடத்துக்குச் சாட்சி, பெயிண்டுக்கு அடியில் இருக்கும் அந்த மங்கலான எழுத்து மட்டும்தான். அந்தக் கடை இன்று இருக்காது. கடைக்காரரின் பேரப்பிள்ளைகளுக்கே அப்படி ஒரு வண்டி இருந்தது தெரியாமல் இருக்கலாம். எழுதிய ஓவியர் எங்கும் கையெழுத்துப் போடவில்லை.

இதற்காக ஹாட் ராட்டே செய்யக்கூடாது என்று சொல்லிவிட முடியாது. வண்டி ஓடத்தான் பிறந்தது. கொட்டகையில் மறுபடியும் மக்க விடுவது மரியாதை ஆகாது. ஆனால் சுரண்டுவதற்கு முன்னால் செய்யக்கூடியவை சில உண்டு. எழுத்தைப் பல கோணத்தில் படம் எடுக்கலாம். டிரேசிங் தாளை ஒட்டி எழுத்தை அளவு மாறாமல் படியெடுக்கலாம். நிறங்களின் வரிசையைக் குறித்து வைக்கலாம். அமெரிக்க நூலகங்களில் அந்தக் கால நகர முகவரிப் புத்தகங்கள் இருக்கின்றன. கடையின் பெயரை வைத்து அது எந்தத் தெருவில் இருந்தது, எந்த வருடம் மூடியது என்று தேடலாம். கழற்றிய பழைய பாகங்களைக் காயலான் கடையில் போடாமல் பெட்டியில் வைத்து, விற்கும்போது வண்டியோடு சேர்த்துக் கொடுக்கலாம். வெட்டி ஒட்டுவதற்குப் பதிலாக நட்டு போல்ட்டில் மாட்டக்கூடிய மாற்றங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

சமீப காலத்தில் இன்னொரு வழியும் பலருக்குப் பிடித்துவிட்டது. என்ஜின், பிரேக், சேசிஸ் எல்லாம் புதிது. வெளியே தகட்டை மட்டும் தொடுவதில்லை. மேல் பெயிண்டை மெதுவாகத் தேய்த்து, பழைய எழுத்து வெளியே வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அதன் மேல் நிறமற்ற பூச்சு ஒன்றை அடித்து, துருவையும் கீறலையும் அப்படியே காப்பாற்றுகிறார்கள். பார்க்கப் பழைய வண்டி. மிதித்தால் ஹாட் ராட். இதிலும் ஏமாற்று வந்துவிட்டது. புதிதாக எழுதிவிட்டு, பழசு மாதிரி தேய்த்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழமைக்கு விலை வந்துவிட்டால் பழமையையும் தயார் செய்வார்கள் போலிருக்கிறது!

கடைசியாக...

அரசர்களின் தேர்களும் கோடீஸ்வரர்களின் கார்களும் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். அவற்றைப் பற்றிக் கவலைப்பட ஆள் இருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் ரொட்டியும் பூவும் வெளுத்த துணியும் கொண்டுபோன வண்டிக்கு அப்படி யாரும் இல்லை. பாலைவனத்தில் பந்தயம் விட்ட பையன்கள் தற்செயலாக அதைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றியை மறக்கக்கூடாது. அவர்கள் கையிலேயே அதன் பெயரும் அழிந்தது, அதையும் மறைக்கக்கூடாது.

இன்னும் எங்கோ ஒரு கொட்டகையில், கோழி எச்சத்துக்கும் தூசிக்கும் அடியில், கறுப்புக்கும் பச்சைக்கும் அடியில், ஒரு கடையின் பெயர் காத்துக்கொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கப் போகிறவர் வண்டியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். தேய்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை வாய்விட்டுப் படித்து, எங்கேயாவது எழுதி வைத்தால் போதும்.